ஆசுப்பத்திரிக்குப் போன பை

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்து உடுவிலில் சண்டையால் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, நல்ல சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அருந்ததி இதில் ஒன்றைப் பற்றியும் கவலைப்படவில்லை. அவளுக்கு எட்டாம் மாதம். ஊரில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தன்னுடைய ஒரே ஒரு சட்டையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு ஆசுப்பத்திரிக் கட்டிலில் போட்டுக்கொண்டு இருக்கிற சட்டை.

சிரிக்க வேண்டாம். அவளுக்கு அது விளையாட்டில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னர் மூத்தவள் பிறந்தபோது, மாமி ஞானாம்பிகையின் சொல்லைக் கேட்டு, விறைத்த நைலெக்ஸ் சேலையும் ஏழு கொளுக்கி வைத்த இறுக்கமான பிளவுஸுமாக அவள் ஆசுப்பத்திரி வாட்டில் இருந்தாள். பார்க்க ஆட்கள் வருவார்கள், மரியாதையாக இருக்க வேண்டும் என்பது மாமியின் கட்டளை. ஆட்களும் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று கதைத்தார்கள், பிள்ளை யாரின் சாயல் என்று வழக்காடினார்கள். முகத்தைப் பார்க்கப் பிள்ளையைக் கிடத்தச் சொன்னாள் மாமியின் மூத்த அக்கா. பிள்ளை வீரிட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால் ஏழு கொளுக்கியை எப்படிக் கழற்றுவது? அவர்கள் போகட்டும் என்று அருந்ததி காத்திருந்தாள். அவர்கள் போனபோது பிள்ளை அழுது களைத்துத் தூங்கிவிட்டது. இப்படியே மூன்று நாள். மூன்றாம் நாள் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்தது. மூத்தவள் போத்தல் பாலில்தான் வளர்ந்தாள்.

“மருமகளுக்குப் பால் இல்லை, பாவம்” என்று ஞானாம்பிகை நாலு பேரிடம் சொன்னாள். பொல்லாப்பாகச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். இரக்கப்பட்டுச் சொன்னபடியால் அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பால் இருந்தது, குடுக்கத்தான் விடவில்லை என்று அருந்ததி யாரிடம் போய்ச் சொல்வாள்? அந்தச் சொல் ஐந்து வருடமாக அவளுக்குள் கிடந்து அறுத்தது.

இப்போது நிலைமை வேறு. பால்மா ரின்னைக் கடைகளில் கண்ணால் காண்பதே அபூர்வம். இந்தப் பிள்ளைக்கு அவளுடைய பால்தான், வேறு வழியில்லை. வேறு வழி இருந்தாலும் அவள் விடப்போவதில்லை. இந்த முறை குடுத்தே தீருவது என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். முடிவெடுத்த அன்றே தையல் மெசினின் மூடியைத் திறந்தாள்.

ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற உடுப்புத் துடக்கு உடுப்பு, தீட்டுப் பட்டது. முப்பத்தோராம் நாள் துணி வெளுக்கிற கட்டாடி எடுத்துக்கொண்டு போவார். அதற்கென்று புதுத்துணி வெட்டினால் மாமி வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அதனால் அருந்ததி தன்னுடைய பழைய வாயில் சேலை ஒன்றை எடுத்தாள். மஞ்சள் நிலத்தில் சின்னச் சின்ன மண்ணிறப் பூ. பாலோ இரத்தமோ பட்டாலும் பூவோடு பூவாக மறைந்துபோகும். தோய்த்துத் தோய்த்துப் பஞ்சுபோல ஆன சேலை. அதில் ஒரு ஹவுஸ்கோட். கழுத்திலிருந்து இடுப்புவரை தெறி வைத்து, பொத்தானைக் கழற்றினால் முன்பக்கம் திறக்க வேண்டும். நரம்பில் சேலைன் ஊசி ஏற்றினாலும் மேலே சுருட்டிவிடத் தோதாகக் கை அகலமாக வேண்டும். இடுப்பில் நாடா கூடாது, புண்ணான வயிற்றை அது அறுக்கும். தையல்கள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும், உள்ளே பிள்ளையின் கன்னம் உரசுகிற இடமல்லவா! ஒவ்வொன்றும் தோன்றத் தோன்ற அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுப்பில் சோறு கரிந்ததுகூடத் தெரியவில்லை.

ஒருநாள் பின்னேரம் கணவன் தில்லைநாதன் வெங்காயத் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைய, அவள் பாதி தைத்த ஹவுஸ்கோட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, உந்தத் தலகணியை ஒருக்காத் தாங்கோ.”

“ஏன், சரியப் போறீரோ?”

“இல்லை. அது அழுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நான் இடக்கையிலை பிள்ளையை வைச்சுக்கொண்டு மற்றக் கையாலை தெறியைக் கழட்டுறன். நீங்கள் எண்ணுங்கோ.”

தில்லைநாதன் எண்ணினான். முதல் தடவை இருபத்தாறு வரைக்கும் போனது. அதற்குள் தலையணை இரண்டு தரம் கீழே விழுந்தது.

“பிள்ளை நிலத்திலை கிடக்குது” என்றான்.

“பகிடி விடாதையுங்கோ. திருப்பி எண்ணுங்கோ.”

பெண்கள் உடுப்பில் தெறி இடப்பக்கம் வருவதுதான் தையலின் சட்டம். அருந்ததி சட்டத்தை மீறுகிறவள் அல்ல. ஆனால் இடக்கையில் பிள்ளை இருக்க, வலக்கை ஒன்றாலேயே இடப்பக்கத்துத் தெறியைக் கழற்றுவது சும்மா வேலையில்லை. நாலாம் நாள் பதினைந்துக்கு வந்தாள். ஆறாம் நாள் பத்து. தில்லைநாதனுக்கும் இப்போது உற்சாகம் பிடித்துவிட்டது. எண்ணுவதோடு நிற்காமல், தலையணைக்குப் பதிலாக அவனே “ங்ஙா, ங்ஙா” என்று அழவும் தொடங்கினான்.

“ஆரடா அழுறது?” என்று ஞானாம்பிகை கதவைத் திறந்தாள்.

முப்பத்தைந்து வயது மகன் வாயைத் திறந்தபடி நின்றான். மருமகள் தலையணைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?” என்றவள், ஹவுஸ்கோட்டின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “உதோடையோ பிள்ளை வாட்டிலை இருக்கப் போறாய்? பெரியக்கா ஆக்கள் பாக்க வருவினம். ஒரு சீலையை உடுத்துக்கொண்டு இருந்தால் என்ன?”

“சீலையும் வைக்கிறன் மாமி” என்றாள் அருந்ததி. வைத்தாளும். சேலை ஹவுஸ்கோட்டுக்கு அடியில், அதுவும் கடைசி அடியில் போனது.

வைத்த பை பச்சை நிறம், கட்டிலுக்குக் கீழே இருந்தது. வீட்டில் இன்னொரு பையும் இருந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். செல் குண்டு அடித்தாலோ பொம்மர் விமானம் சுற்றினாலோ அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், மெழுகுதிரி, பனடோல் மாத்திரை, ஆளுக்கு இரண்டு உடுப்பு. இவர்கள் வீட்டில் அது சாம்பல் நிறம். அதிலிருந்த தன்னுடைய உடுப்புகளை அருந்ததி எடுத்துப் பச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஓட வேண்டி வந்தால் ஆசுப்பத்திரியிலிருந்தே ஓடலாம் என்று தில்லைநாதனிடம் சொல்லிச் சிரித்தாள்.

புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அருந்ததி யாரோ ஒரு பெட்டையின் பாவாடைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தபோது பன்னீர்க்குடம் உடைந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. ஒரே சந்தோசப் புளுகம்தான் வந்தது. ஐந்து வருடக் கணக்கைத் தீர்க்கிற நாள் வந்துவிட்டதென்று எழும்பிக் கையைத் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ! வந்திட்டுது! தியாகராசா அண்ணையின்ரை காரைக் கூப்பிடுங்கோ! பையை மறந்திடாதையுங்கோ, கட்டிலுக்குக் கீழை, பச்சைப் பை!”

“ஓம் ஓம், பச்சைப் பை, தெரியும்!”

தில்லைநாதன் பக்கத்து வீட்டுக்கு ஓடினான், காரோடு வந்தான், மனைவியை ஏற்றினான், திரும்ப வீட்டுக்குள் ஓடினான், பையைத் தூக்கிக் காரின் பின்பெட்டிக்குள் எறிந்தான். வாய் முழுக்கப் பச்சைப் பை, பச்சைப் பை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக, அவசரம் என்றால் அவனுடைய கை போகிற இடம் ஒன்றுதான். கை கதவுக்குப் பின்னால் போனது. அது எதைத் தூக்கியது என்று அவனுக்கே தெரியாது.

தியாகராசாவின் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின். கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோலை மருந்துபோல ஊற்ற வேண்டும். பின்னால் கரும்புகையை விட்டபடி மருதனார்மடச் சந்திவரைக்கும் ஓடியது, சந்தையடியில் நின்றுவிட்டது. சந்தைக்கு வந்த ஆறேழு பேர் கீரைக்கட்டையும் கத்தரிக்காயையும் ரோட்டோரத்தில் வைத்துவிட்டுத் தள்ளினார்கள். அருந்ததி யன்னலால் தலையை நீட்டி, “கொஞ்சம் கெதியாத் தள்ளுங்கோ அண்ணை, உள்ளுக்கை இருக்கிறவருக்கு அவசரம்!” என்றாள். பிரசவ நோ ஒன்று வரப் பல்லைக் கடித்துக்கொண்டாள். நோ விட்டதும் மறுபடி சிரித்தாள். ஒரு பெண் இப்படிச் சிரித்துக்கொண்டு பிள்ளை பெறப் போவதைத் தியாகராசா தன் அறுபது வயதில் கண்டதில்லை.

ஒன்றரை மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெட்டைக்குஞ்சு. ஆறரை இறாத்தல், தலை நிறைய மயிர், பிறந்த கையோடு ஊரைக் கூட்டுகிற குரல். தில்லைநாதன் வெளியில் நின்று செய்தியைக் கேட்டு, யாரோ ஒருவரின் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு தாயிடம் சொல்லப் பறந்துவிட்டான்.

அருந்ததியை வாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். உடுத்தியிருந்த பழஞ்சேலை நனைந்து, வேர்த்து, ஊத்தையாகிக் கிடந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட நோ. ஆனாலும் மனம் குதித்தது. இனி ஹவுஸ்கோட்டைப் போட வேண்டும், பிள்ளையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பையை எடுத்து வரும்படி கேட்டாள். வாட்டில் வேலை பார்க்கிற அற்றெண்டன் மனிசி கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

பை சாம்பல் நிறம்.

அருந்ததி அதைத் திறக்காமலே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, எதற்கும் பார்ப்போம் என்று திறந்தாள். முதலில் வந்தது காணி உறுதி. அடுத்து அவளுடைய கலியாணப் படம். பிறகு மெழுகுதிரி, மாமியின் வெள்ளைச் சேலை, மூத்தவளின் பூப்போட்ட சட்டை, தில்லைநாதனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

“என்ன தங்கச்சி,” என்றது பக்கத்துக் கட்டில், “பிறந்து ரெண்டு மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ளை பிள்ளைக்குக் காணி எழுதப் போறியோ?”

அது லூர்த்தம்மா. குருநகரில் கடற்கரையோடு இருந்தவள், செல்லடிக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இது அவளுக்கு ஐந்தாவது.

“அக்கா, இது ஓடுற பை. இவர் மாறித் தூக்கிக்கொண்டு வந்திட்டார்” என்றாள் அருந்ததி. ஒரு மாதமாகத் தைத்தது, தலையணையை வைத்துப் பழகியது, எல்லாம் வீட்டில் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. பிள்ளை கையைக் காலை உதைத்து முனகத் தொடங்கியது. இன்னும் கொஞ்சத்தில் அழும். நாலு மணிக்கு ஆட்கள் வருவார்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய அதே வாட்டு, அதே கட்டில் போல அவளுக்கு இருந்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

லூர்த்தம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட இடம் நொந்து, “ஐயோ மாதாவே, சிரிக்க வைக்காதை” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு எட்டிப் பார்த்தாள்.

“அதுக்கை கிடக்கிறது மனுசன்ரை சேட்டுத்தானே? எடுத்துப் போடன். அழுது என்ன செய்ய?”

“ஆம்பிளைச் சேட்டோ? ஆரும் பாத்தால்?”

“பாக்கிறவையே பால் குடுக்கப் போகினம்?”

அருந்ததி கண்ணைத் துடைத்தாள். சேட்டை எடுத்து விரித்தாள். எட்டு வருடம் தோய்த்துத் தோய்த்து நிறம் போன நீலச் சேட்டு, தில்லைநாதனின் பழைய சட்டை. தையல்காரியின் கை தன்பாட்டில் தடவிப் பார்த்தது. துணி பஞ்சு. கை அகலம். கழுத்திலிருந்து கீழ்வரை முன்பக்கம் முழுக்கத் திறக்கும். இடுப்பில் நாடா இல்லை. அவள் ஒரு மாதமாகத் தலையைப் போட்டு உடைத்துக் கண்டுபிடித்ததெல்லாம், ஊரிலுள்ள ஆம்பிளைகள் போட்டுக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற சேட்டில் இருந்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கொஞ்சம் ஆத்திரமும் வந்தது.

அற்றெண்டன் மனிசி துடைத்துவிட, அடியில் கிடந்த தில்லைநாதனின் லுங்கிச் சாரத்தை உடுத்து, மேலே சேட்டைப் போட்டாள். பிள்ளையை இடக்கையில் வாங்கினாள். வலக்கை தெறிக்குப் போனது. ஆம்பிளைச் சேட்டில் தெறி வலப்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெடுக்கு வெடுக்கென்று கழன்றன. எண்ணியிருந்தால் நாலைக்கூடத் தாண்டியிருக்காது.

“இவ்வளவு நாளும் என்னத்தைப் பழகினனான்!” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் தெறி கழன்றால் போதுமா? பிள்ளை வாயைத் திறந்து தேடியது, பிடித்தது, வழுகியது, அழுதது. திரும்பவும் வைத்தாள். திரும்பவும் வழுகியது. மூன்று தரம், நாலு தரம். பிள்ளையின் முகம் சிவந்து போனது. அருந்ததி பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தாள். எனக்கு உண்மையிலேயே இல்லையோ? ஊர் சொன்னது சரியோ?

அந்த நேரம் பார்த்து நாலு மணி அடித்தார்கள்.

கதவு திறந்து சனம் உள்ளே வந்தது. சோடாப் போத்தலும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கோப்பி மணமுமாக ஒரே இரைச்சல். அதற்குள் ஞானாம்பிகை வந்துகொண்டிருந்தாள். அவளோடு அவளுடைய மூத்த சகோதரி பாலேஸ்வரி, பின்னால் இன்னும் இரண்டு பெண்டுகள். எல்லாருக்கும் பின்னால், வேர்த்து விறுவிறுத்து, வீட்டில் கண்டெடுத்த பச்சைப் பையைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற அர்ச்சனைத் தட்டுப்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தில்லைநாதன்.

அருந்ததி அவர்களைக் கண்டாள். சேட்டை இழுத்து மூட வலக்கை எழும்பியது. அதே கணம் பிள்ளை பிடித்தது. இந்தத் தரம் வழுகவில்லை. இழுத்தது. சுள்ளென்று ஒரு நோ மார்பிலிருந்து முதுகுவரை ஓடியது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ‘களுக்’. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘களுக்’. பிள்ளை விழுங்குகிறது. எழும்பிய கை அப்படியே பிள்ளையின் தலைக்குக் கீழே போனது.

ஞானாம்பிகை கட்டிலடியில் வந்து நின்றாள். மகனுடைய சேட்டைப் பார்த்தாள், சாரத்தைப் பார்த்தாள். பாலேஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

“உதென்ன கோலம், ஆம்பிளைச் சேட்டோ? சனமெல்லாம் பாக்குது. பிள்ளையைக் கொஞ்சம் கிடத்திப்போட்டு உடுப்பை மாத்து. நாங்களும் முகத்தைப் பாப்பம்.”

“ஓமோம், பை வந்திட்டுது” என்று தில்லைநாதன் பச்சைப் பையை நீட்டினான். “அருந்ததி, உம்மடை ஹவுஸ்கோட்!”

பிள்ளையைக் கொஞ்சம் கிடத்திப்போட்டு. ஐந்து வருடத்துக்கு முன்னரும் பெரியமாமி இதைத்தான் சொன்னாள். அன்றைக்கு அருந்ததி கிடத்தினாள்.

“இல்லை, பெரியமாமி” என்றாள் அருந்ததி. குரல் வாட்டுக்கே கேட்டது. “இப்ப கிடத்தேலாது. குடிச்சு முடியட்டும்.”

பாலேஸ்வரி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். உன்னுடைய மருமகள், நீயே சொல்லு என்கிற பார்வை. ஞானாம்பிகை அதைக் கவனிக்கவில்லை. அவள் குனிந்து பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. நிமிர்ந்தாள்.

“அக்கா, நீங்கள் எல்லாரும் விறாந்தையிலை போய் நில்லுங்கோ. பிள்ளை பால் குடிக்குது.”

“என்னடி, நாங்கள் இவ்வளவு தூரம்...”

“பிறகு பாக்கலாம். தம்பி, நீயும் போ. பையை வைச்சிட்டுப் போ.”

அவர்கள் போனார்கள். பாலேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டுதான் போனாள். ஞானாம்பிகை போகவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நல்ல அகலமான மனிசி. வருகிறவர்கள் போகிறவர்கள் ஒருவருக்கும் கட்டில் தெரியவில்லை.

பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“குடிக்குதே?”

“ஓம் மாமி.”

“விழுங்குதே?”

“விழுங்குது மாமி. நிறையக் கிடக்கு.”

விரித்துப் பிடித்த சேலைத் தலைப்பு மெல்ல ஆடியது. கை நோகிறதாக்கும் என்று அருந்ததி நினைத்தாள்.

“மூத்தவளுக்கும் நான் இப்பிடித்தான் நிண்டிருக்கோணும், பிள்ளை” என்றாள் ஞானாம்பிகை. “நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னாலை நிண்டுட்டன்.”

ஐந்து வருடமாக மாமிக்குச் சொல்ல என்று அருந்ததி சேர்த்து வைத்திருந்த கதைகள் நூறு. அதில் ஒன்றுகூட இப்போது தேவைப்படவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்தாள்.

“மற்றப் பக்கம் மாத்தப் போறன், மாமி.”

“மாத்து, மாத்து. ஆறுதலாக் குடு. நான் நிக்கிறன்.”